எறும்புக்கும் ஒரு பங்கு: சிறுவர்க்குக் கோலம் பழக்கும் முறை

சைவத் தமிழ் மக்களின் இல்லங்களில் மங்கல நிகழ்வு எதுவாயினும் அது முற்றத்திலேயே தொடங்குகிறது. முற்றத்தைக் கூட்டி, சாணநீர் தெளித்து, மெழுகி, கோலமிட்டு, அதன்மேல் நிறைகுடம் வைத்து, இருபுறமும் குத்துவிளக்கு ஏற்றிய பின்னரே ஏனைய கருமங்கள் ஆரம்பமாகின்றன. தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை விளக்கீடு ஆகிய நாட்களிலும், திருவிழாக் காலத்தில் சுவாமி வீதியுலா வரும்போதும், திருமணம், புதுமனை புகுதல் போன்ற சடங்குகளிலும் கோலத்திற்குரிய இடம் முதலிடமாகும்.

தமிழகத்தின் பல ஊர்களில் கோலம் நாள்தோறும் வாசலில் இடப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் விசேட தினங்களுக்கு உரியதாகவே இருந்து வந்துள்ளது. ஆந்திரத்தில் முக்கு, மகாராட்டிரத்தில் ரங்கோலி, வங்காளத்தில் அல்பனா, குமாவோன் மலைப்பகுதியில் ஐப்பன் எனப் பல பெயர்களால் இக்கலை வழங்குகிறது. கேரளத்தில் ஓணத்தையொட்டிப் பத்து நாட்கள் பூக்களம் இடுகின்றனர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழியில், தை மாதத்தில் கன்னியர் தரையைத் துலக்கி மண்டலம் இட்டமையும், நுண்ணிய வெண்மணலால் தெருவை அலங்கரித்தமையும் பேசப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழர் கைகளில் இருந்து வரும் கலை இது என்பதற்கு இச்சான்றே போதுமானது.

இக்கட்டுரை கோலத்தின் பெருமையைப் பேசுவதோடு நின்றுவிடாமல், அதனைச் சிறுவர்க்கு எவ்வாறு பழக்குவது, எப்பொருளைக் கொண்டு பழக்குவது, ஏன் பழக்க வேண்டும் என்பவற்றை ஆராய முற்படுகின்றது. பெற்றோருக்கும் அறநெறிப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் இது பயன்படலாம்.

அறுந்துபோன இழை

கோலம் நூலைப் பார்த்துக் கற்ற கலையன்று. விடியற்காலையில் தாயின் அருகிற் குந்தியிருந்து, அவள் விரல்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கலை. எனவே தாயும் பிள்ளையும் முற்றமும் ஒருங்கே இருந்தால்தான் அது தொடரும்.

வடபகுதி மக்களுக்கு இம்மூன்றும் ஒருங்கே வாய்க்காத காலம் நீண்டதாக இருந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். உறவினர் வீட்டுத் திண்ணையிலும் பாடசாலை மண்டபத்திலும் தறப்பாள் கொட்டிலிலும் எத்தனையோ பொங்கல்கள் கழிந்தன. 2009 இல் வன்னி மக்கள் முகாம்களிற் கழித்த நாட்களும் அத்தகையனவே. பிறர் முற்றத்தில், நாளை எங்கே என்று தெரியாத நிலையில், தாய்மார் பிள்ளைகளுக்குக் கோலம் பழக்கியிருக்க நேரம் ஏது? அன்று ஐந்து, ஆறு வயதுச் சிறுமியராக இருந்தோர் இன்று தாய்மாராக உள்ளனர். தமக்குப் பழக்கப்படாததை அவர்கள் தம் பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது.

அந்த இடைவெளியைக் கடைகள் நிரப்பிவிட்டன. தரையில் ஒட்டும் கோல ஸ்ரிக்கர்களும், சிறு பைகளில் அடைத்த இரசாயன நிறப்பொடிகளும், துளையிட்ட பிளாஸ்ரிக் அச்சுகளும் பண்டிகைக் காலங்களில் எங்கும் கிடைக்கின்றன. ஸ்ரிக்கர் ஒட்டிய வாசல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதனை ஒட்டுவதற்குப் பிள்ளையின் கை தேவையில்லை, பொறுமை தேவையில்லை, விடியற்காலையில் எழவும் தேவையில்லை. அதில் எறும்புக்கு உண்பதற்கும் ஒன்றுமில்லை. இவை யாவும் இல்லாதபோது எஞ்சுவது படம் மட்டுமே.

ஐந்நிறமும் வளவுக்குள்ளேயே

யாகசாலையில் மண்டலம் வரைவதற்கு வெண்மை, மஞ்சள், செம்மை, பச்சை, கருமை ஆகிய ஐந்நிறப் பொடிகள் பயன்படுத்தப்படுகின்றன. அந்த ஐந்து நிறங்களையும் ஒரு வீட்டு வளவுக்குள்ளேயே பெற்றுக்கொள்ள முடியும். இவற்றைச் சேகரிப்பதே பிள்ளைகளுக்கு முதலாவது பாடமாக அமைய வேண்டும்.

வெண்மை: பச்சையரிசியை ஊறவைத்து, வடித்து, இடித்து அரித்து எடுத்த மா. மிக நுண்ணிய மா விரலில் ஒட்டிக்கொள்ளும். சற்றுக் கரகரப்பான மாவே விரலிடையே ஒழுங்காக இறங்கும். ஆகவே மா அரிக்கும்போது அரிதட்டில் மிஞ்சும் கப்பியை மீண்டும் ஒருமுறை இடித்துக் கோலத்திற்கென ஒதுக்கி வைக்கலாம். வண்டு பிடித்துச் சமையலுக்கு உதவாத மாவும் இதற்கு ஏற்றது.

மஞ்சள்: வீட்டில் உலர்த்தி இடித்த மஞ்சள். இரண்டு பங்கு அரிசிமாவுடன் ஒரு பங்கு மஞ்சள் கலந்தாலே நல்ல நிறம் கிடைக்கும்.

செம்மை: உடைந்த செங்கல்லையோ ஓட்டையோ இடித்து அரித்த தூள். சுன்னாகம், உரும்பிராய், கோண்டாவில் போன்ற செம்மண் நிலங்களில் வாழ்வோருக்கு நன்கு உலர்த்தி அரித்த மண்ணே போதும். மஞ்சளுடன் சிறிது சுண்ணாம்பு சேர்த்தாலும் செந்நிறம் தோன்றும். ஆரத்தி நீர் சிவப்பதும் இதனாலேயே. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் சுண்ணாம்பு போன்ற காரத்துடன் சேரும்போது சிவப்பாக மாறுகிறது. விஞ்ஞான பாடத்தில் பாசிச்சாயத்தாளைப் பயன்படுத்தும் மாணவர்க்கு இதனை வீட்டிலேயே செய்து காட்டலாம். சுண்ணாம்பு கண்ணிற் பட்டால் ஆபத்து ஆகையால் அதனைப் பெரியவர்களே கையாள வேண்டும்.

பச்சை: முருங்கையிலை, அகத்தியிலை, வில்வமிலை ஆகியவற்றுள் ஒன்றை நிழலில் உலர்த்தி இடித்த தூள். வெயிலில் உலர்த்தினால் பச்சை மங்கிவிடும்.

கருமை: உமியைக் கருக்கி எடுத்த உமிக்கரி, அல்லது சிரட்டைக்கரியை இடித்த தூள். பற்பசை வருவதற்கு முன்னர் உமிக்கரியாற் பல் துலக்கிய தலைமுறையினர் இன்னும் ஊர்களில் உள்ளனர். அவர்களைக் கொண்டே இதனைச் செய்விக்கலாம்.

இவற்றோடு பூக்களும் இலைகளும் உண்டு. செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, நித்தியகல்யாணி ஆகியவற்றின் உதிர்ந்த பூக்களையே எடுக்க வேண்டும். சுவாமிக்குச் சாத்தும் பூவை மரத்திலிருந்து பறிப்பது, நிலத்திற்கு இடும் பூவை நிலத்திலிருந்து பொறுக்குவது என்னும் வேறுபாட்டைப் பிள்ளைகள் எளிதில் விளங்கிக்கொள்வர்.

தவிர்க்க வேண்டியவையும் சில உள. குன்றிமணி பார்வைக்கு அழகியதாயினும் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். அலரியின் காயும் விதையும் அத்தகையனவே. எருக்கலைப் பால் கண்ணுக்குத் தீங்கு செய்யும். சிறுபிள்ளைகள் இருக்கும் இடத்தில் இவை மூன்றும் வேண்டாம். சிவப்பு மணிகள் வேண்டுமாயின் மஞ்சாடி விதையைப் பயன்படுத்தலாம். அதனையும் வாயில் வைக்காதபடி கவனித்துக்கொள்ள வேண்டும். நிறமூட்டிய உப்பைச் சிலர் பயன்படுத்துகின்றனர். பயிர் உள்ள நிலத்தில் உப்புச் சேர்வது நன்றன்று. வெண்மணலுக்காகக் கடற்கரை மணற்றிட்டிகளில் மண் அள்ளுவதும் தவறு. அத்திட்டிகளே கடல்நீர் ஊருக்குள் வராமற் காக்கும் அரண்களாகும்.

கடைப் பொடிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் நினைவிற் கொண்டாற் போதும். உணவுக்கென அல்லாது செய்யப்படும் மலிவான நிறப்பொடிகளில் ஈயம் போன்ற பார உலோகங்கள் காணப்பட்டமை பல ஆய்வுகளில் வெளியாகியுள்ளது. கோலமிட்ட கையைப் பிள்ளை எப்போது வாயில் வைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நிலத்தை ஆயத்தம் செய்தல்

மண்முற்றமாயின் முதல்நாள் மாலையே கூட்டி, விடியற்காலையிற் சாணநீர் தெளித்து மெழுக வேண்டும். நிலம் முற்றாகக் காய்வதற்கு முன்னர் கோலமிட்டால் மா நிலத்தோடு ஒட்டி நிற்கும். மார்கழி, தை மாதங்களிற் பனி ஈரமே இதற்குப் போதும். சோளகக் காற்று வீசும் ஆடி, ஆவணித் திருவிழாக் காலங்களில் உலர்மா பறந்துவிடும். அப்போது மாக்கரைசலாற் கோலமிடுவதே பொருத்தமானது.

மாக்கரைசல் சீமெந்துத் தரைக்கும் ஏற்றது. அரைச் சுண்டு பச்சையரிசியை இரண்டு மூன்று மணித்தியாலம் ஊறவைத்து, அம்மியிலோ மிக்சியிலோ மையாக அரைத்து, பால் போலக் கரைத்துக்கொள்ள வேண்டும். சிறு பருத்தித் துணித்துண்டை அதில் தோய்த்து உள்ளங்கையிற் பிடித்து மெல்லப் பிழிந்தால், கரைசல் மோதிரவிரல் வழியாக இறங்கும். அவ்விரலையே எழுதுகோலாகக் கொள்ள வேண்டும். இடும்போது கோடு தெளிவாகத் தெரியாது. காயக் காய வெண்மை எழும்பும். தாம் போட்ட கோடு தம் கண்முன்னே வெளிப்பட்டு வருவதைக் காண்பதிற் பிள்ளைகளுக்கு உண்டாகும் மகிழ்ச்சி அளவற்றது.

முதற்பாடம்: உலக்கைக் கோலம்

யாழ்ப்பாணத்துப் பொங்கற் கோலம் மிக எளிமையானது. பொங்கும் இடத்தைச் சூழ, உலக்கையைத் துணையாகக் கொண்டு இடப்படும் சதுரக் கோலம் அது. உலக்கையை நிலத்திற் கிடத்தி, அதன் இருபுறமும் மாவைத் தூவி, உலக்கையை நேரே மேலே தூக்கினால் இரண்டு இணைகோடுகள் கிடைக்கும். இவ்வாறு நான்கு பக்கமும் இட்டு, மூலைகளிற் கோடுகள் ஒன்றையொன்று கடந்து செல்லுமாறு விட்டால் சதுரம் நிறைவுபெறும்.

நான்கு வயதுப் பிள்ளையும் இதிற் பங்குகொள்ளலாம். பெரியவர் உலக்கையைப் பிடிக்க, பிள்ளை மாவைத் தூவினாற் போதும். கோடு நேராக வரும் என்பது உறுதியாதலால், முதல் முயற்சியிலேயே பிள்ளைக்குத் தன்னம்பிக்கை உண்டாகும். நெல்லைக் குற்றி அரிசியாக்கிய உலக்கையே அந்த அரிசியின் மாவால் சூரியனுக்கு முற்றம் வகுத்துக் கொடுக்கிறது என்ற பொருத்தத்தையும் எடுத்துக் கூறலாம்.

இரண்டாம் பாடம்: பூவட்டம்

முற்றத்தின் நடுவில் ஒரு சிறு தடியை ஊன்றி, அதில் ஒரு முழம் நீளமான கயிற்றைக் கட்டி, மறுமுனையில் ஒரு குச்சியைக் கட்டிச் சுற்றி வரச் செய்தால் வட்டம் கிடைக்கும். அதே கயிற்றின் நீளத்தால் வட்டத்தின் விளிம்பை அளந்துகொண்டு போனால் சரியாக ஆறு முறையில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரலாம். அந்த ஆறு புள்ளிகளையும் நடுப்புள்ளியோடு இணைத்தால் ஆறு பங்குகள் தோன்றும். ஒவ்வொரு பங்கையும் ஒவ்வொரு பிள்ளைக்குக் கொடுத்து, பூவிதழ், பூவரசமிலை, உமி, மஞ்சள்மா எனத் தாம் சேகரித்ததைக் கொண்டு நிரப்பச் செய்யலாம்.

இதில் விதி ஒன்றே ஒன்று: தன் பங்கை நிரப்பியவர் அயற்பங்கை நிரப்புபவருக்கு உதவ வேண்டும். ஆறும் நிறைந்தாலே வட்டம் வட்டமாகும். நித்திய வாழ்விலும் அதுவே நியதி என்பதைத் தனியே உபதேசிக்கத் தேவையில்லை.

மூன்றாம் பாடம்: அறுகோண நட்சத்திரம்

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புள்ளிக்கோலம் ஏற்றது. முதலில் மாவைப் பிடிக்கும் முறையைப் பழக்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு சிட்டிகை மாவை எடுத்து, பெருவிரலாற் சுட்டுவிரலை மெல்லத் தேய்த்தபடி கையை நகர்த்த வேண்டும். கை நிலத்திலிருந்து இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தாற் போதும். இது கைவராத பிள்ளைகளுக்குப் பூவரசமிலையைப் பீப்பீக்குச் சுருட்டுவது போலச் சற்று அகலமாகச் சுருட்டி, அக்கூம்புக்குள் மாவை இட்டுக் கொடுக்கலாம்.

இனிப் புள்ளிகள். முதல் வரிசையில் 1, இரண்டாம் வரிசையில் 4, மூன்றாம் வரிசையில் 3, நான்காம் வரிசையில் 4, ஐந்தாம் வரிசையில் 1. ஒரு வரிசையின் புள்ளி, மேல்வரிசைப் புள்ளிகளின் இடைவெளிக்கு நேரே வருமாறு இட வேண்டும். மொத்தம் 13 புள்ளிகள். மேற்புள்ளியிலிருந்து நான்காம் வரிசையின் இரு ஓரப்புள்ளிகளுக்கும் கோடு இழுத்து, அவ்விரு ஓரங்களையும் இணைத்தால் ஒரு முக்கோணம். கீழ்ப்புள்ளியிலிருந்து இரண்டாம் வரிசையின் இரு ஓரப்புள்ளிகளுக்கும் கோடு இழுத்து, அவற்றை இணைத்தால் தலைகீழான மற்றொரு முக்கோணம். இரண்டும் சேர்ந்து அறுகோண நட்சத்திரம் ஆகும். முருகப்பெருமானின் சட்கோணம் இதுவே. ஆறு முனைகளிலும் சரவணபவ என்னும் ஆறெழுத்தையும் எழுதச் செய்யலாம். பன்னிரண்டு புள்ளிகள் கோடுகளில் மறைந்துபோக, எந்தக் கோடும் தொடாமல் எஞ்சும் நடுப்புள்ளியில் ஒரு செவ்வரத்தம் பூவை வைத்தாற் கோலம் நிறைவுறும்.

நான்காம் பாடம்: ஒரே கோட்டில் முடியும் கோலம்

புள்ளிகளைத் தொடாமல் அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோலத்தைக் கம்பிக்கோலம் என்றும் சிக்குக்கோலம் என்றும் அழைப்பர். பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு இது உகந்தது.

முதலில் 1, 3, 1 என நேர்வரிசையில் ஐந்து புள்ளிகளை இட வேண்டும். நடுவில் ஒன்றும் அதன் நாற்புறமும் ஒவ்வொன்றுமாக அவை அமையும். நடுப்புள்ளிக்கும் மேற்புள்ளிக்கும் இடையே தொடங்கி, மேற்புள்ளியை வலப்பக்கத்தால் முழுதாகச் சுற்றி, தொடங்கிய இடத்தைக் கடந்து, நடுப்புள்ளியின் வலப்புறமாக இறங்கி, நடுப்புள்ளிக்கும் வலப்புள்ளிக்கும் இடையால் சென்று வலப்புள்ளியைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். அவ்வாறே கீழ்ப்புள்ளியையும் இடப்புள்ளியையும் சுற்றினால், கோடு தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். நான்கு இதழ்ப் பூவொன்று தோன்றும். ஐந்து புள்ளிகளும் கோட்டுக்குள் அடங்கியிருக்கும்.

அடுத்து நீள்சதுரப் புள்ளிகளுக்குச் செல்லலாம். இதில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடுகள் ஒன்றையொன்று கடக்க வேண்டும். ஓரத்தை அடைந்ததும் வெளிப்புள்ளியை வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இவ்வாறு 2 வரிசையில் 3 புள்ளிகள் வீதம் இட்டால் முழுக்கோலமும் ஒரே கோட்டில் முடியும். 3 வரிசையில் 4 புள்ளிகள் வீதம் இட்டாலும் ஒரே கோடுதான். ஆனால் 2 வரிசையில் 2 வீதம் இட்டால் இரண்டு தனிக்கோடுகள் தேவைப்படும். 3 வரிசையில் 3 வீதமாயின் மூன்று கோடுகள். 4 வரிசையில் 6 வீதமாயின் இரண்டு கோடுகள். காரணம் என்ன? வரிசைகளின் எண்ணிக்கைக்கும் ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உரிய பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அத்தனை கோடுகளே அக்கோலத்துக்கு வேண்டும். பாடசாலையில் பொ.கா.பெ. என்று மனனம் செய்யும் பாடம் முற்றத்தில் மாவாற் கண்முன்னே விரிகிறது. விடையை முதலிலே சொல்லிவிடாமல், பிள்ளைகளே போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க விடுவது சிறந்தது.

கோலத்தின் இக்கணித ஒழுங்கு அறிஞரையும் கவர்ந்துள்ளது. சென்னையில் கிப்ட் சிரோமணி, இராணி சிரோமணி முதலானோர் 1970களிற் கோலங்களை ஆராய்ந்து, அவற்றைக் கணினிக்கு உணர்த்தக்கூடிய இலக்கண விதிகளை வகுத்தனர். எழுத்தறியாத பாட்டிமாரும் விரல்நுனியில் வைத்திருந்த அறிவு அது.

ஆண்பிள்ளைகளும் பழகலாமா?

கோலம் பெண்பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் யாகசாலையில் ஐந்நிறப் பொடிகளால் மண்டலம் வரைவோர் சிவாச்சாரியார்களே. இறைவன் சந்நிதியில் ஆண்கள் செய்யும் பணி வீட்டு முற்றத்தில் மட்டும் அவர்களுக்கு ஆகாததாக முடியாது. மேலும் உலக்கையைத் தூக்குவதற்கும், செங்கல் இடிப்பதற்கும், சிரட்டை எரித்துக் கரி எடுப்பதற்கும் ஆண்பிள்ளைகள் தாமாகவே முன்வருவர். அங்கே தொடங்கினால் கோடு போடுவதிலும் அவர்களுக்கு நாட்டம் உண்டாகும்.

அரிசி விலையும் அறமும்

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. 2021 இல் இரசாயன உரத்தடையால் நெல் விளைச்சல் குன்றியது. 2022 பொருளாதார நெருக்கடியில் அரிசி விலை பெருமளவு உயர்ந்தது. அடுப்பெரிக்க எரிவாயுவுக்கு வரிசை. பல வீடுகளில் மூன்று வேளை உணவு இரண்டாகக் குறைந்தது. அத்தகைய நாட்டில் உண்ணும் அரிசியை நிலத்திற் கொட்டலாமா? வறுமையிலிருக்கும் ஒரு தாய் இதனைக் கேட்டால் அது நியாயமான கேள்வியே.

இதற்கு விடை அரிசிமாக் கோலத்தின் நோக்கத்திலேயே உள்ளது. இல்வாழ்வான் செய்ய வேண்டிய ஐவகை வேள்விகளுள் பூதயாகமும் ஒன்று. ஏனைய உயிர்களுக்கு உணவளிப்பதே அது. மாவாற் கோலமிடும்போது எறும்பு, அணில், குருவி ஆகியவற்றுக்குச் சோறிடும் கடமையும் நிறைவேறுகிறது. கல்மாவிலும் ஸ்ரிக்கரிலும் அந்தப் பயன் இல்லை. இரசாயனப் பொடியோ அவ்வுயிர்களுக்குத் தீங்காகவும் முடியலாம்.

ஆயினும் கொடை கோலத்தின் பருமனில் இல்லை. ஒரு சிறங்கை மாவால் வாசலில் ஒரு சிறிய நட்சத்திரம் இட்டாலும் அது முழுமையான கோலமே. அதற்கும் வசதியில்லாத வீட்டில், செம்மண்ணாலும் உதிர்ந்த பூவாலும் கோலமிட்டு, நடுப்புள்ளிக்கு மட்டும் ஒரு சிட்டிகை மா வைத்தாலும் குறைவில்லை. போட்டிக்காகக் கிலோக்கணக்கில் அரிசிக்கு நிறமூட்டி, மறுநாட் காலையில் குப்பையில் கொட்டுவதே வீண்விரயம். பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் வாணிவிழாக் காலத்தில் கோலப்போட்டி நடத்துவோர் பருமனுக்கும் பகட்டுக்கும் புள்ளி வழங்குவதை விடுத்து, பிள்ளை தானே சேகரித்த பொருளுக்கும், தானே இட்ட கோட்டுக்கும் புள்ளி வழங்கினால் இந்நிலை மாறும்.

வீடுகளிற் கேட்கக்கூடிய உரையாடல் ஒன்று உண்டு. பொங்கலன்று காலையில் தான் இட்ட கோலத்தை எறும்புகள் இழுத்துச் செல்வதைக் கண்ட சிறுமி முறையிடுகிறாள்.

“அம்மம்மா, விடிய எழும்பிப் பாடுபட்டுப் போட்ட கோலம். எறும்பெல்லாம் இழுத்துக்கொண்டு போகுது. கலைச்சு விடட்டோ?”

“கலைக்காதை பிள்ளை. அதுகளுக்கும் இண்டைக்குப் பொங்கல்தானே.”

சைவ சமயத்தின் சீவகாருண்யத்தை இதைவிடச் சுருக்கமாகக் கற்பிக்க இயலாது. பிள்ளை பாடுபட்டுச் செய்த அழகிய பொருள் மாலைக்குள் மறைந்துவிடுகிறது. அதை உண்டு ஓர் உயிர் பசியாறுகிறது. மறுமுறை பிள்ளை மீண்டும் புதிதாகத் தொடங்குகிறது. தனது என்று பிடித்துவைக்காமற் செய்யப் பழகுவதற்கு இதனிலும் எளிய பயிற்சி வேறில்லை. கோலம் இட்டு முடிந்ததும் பிள்ளைகளை உடனே கலைந்து போகவிடாமல், சற்று நேரம் அமர்ந்து பார்க்கச் செய்ய வேண்டும். எறும்பு எந்தக் கோட்டை முதலில் நாடுகிறது, மஞ்சள் கலந்த கோட்டை ஏன் ஒதுக்குகிறது, எங்கே கொண்டு செல்கிறது என்று அவர்களே கவனித்துச் சொல்வர்.

நிறைவாக

இதனை அடுத்த தைப்பொங்கலுக்கு முன்னரே ஆரம்பிக்கலாம். அறநெறிப் பாடசாலையில் மார்கழியின் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். முதல் வாரம் பொருள் சேகரித்தலும் இடித்தலும் அரித்தலும். இரண்டாம் வாரம் உலக்கைக் கோலமும் பூவட்டமும். மூன்றாம் வாரம் புள்ளியும் நட்சத்திரமும். நான்காம் வாரம் கம்பிக்கோலம். இடித்த பொடிகளைச் சிரட்டைகளில் இட்டு மூடி ஈரம்படாமல் வைத்தால் பொங்கல் வரை கெடாமல் இருக்கும். ஊரில் கோலம் தெரிந்த மூதாட்டியர் எவர் உளர் எனக் கண்டறிந்து, அவர்களை அழைத்து வந்து கதிரையில் அமர்த்தினாற் போதும். விரல் நடுங்கினாலும் அவர்கள் வாய் வழிகாட்டும். கோலம் பழகாத தாய்மாரும் கூச்சமின்றிப் பிள்ளைகளோடு அமர்ந்து பழகலாம். தாய் தவறிப் போட்ட கோட்டைப் பிள்ளை திருத்துவதிலும் ஓர் அழகு உண்டு.

போரினால் இழந்தவற்றுட் பல மீளாதவை. கோலம் அவ்வாறானதன்று. அதற்கு வேண்டியவை ஒரு முற்றம், ஒரு சிறங்கை மா, அருகில் அமர ஒரு பெரியவர். இம்மூன்றும் மீண்டும் கிடைத்திருக்கும் இக்காலத்தில் அறுந்த இழையை முடிந்து கொடுப்பது பெரியோர் கடன். தைப்பொங்கலன்று ஊரின் ஒவ்வொரு வாசலிலும் பிள்ளைக் கைகள் இட்ட கோலம் பொலியவும், அதில் எறும்புக்கும் ஒரு பங்கு இருக்கவும் எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.